காமராஜரை நினைவுகூர: சென்னையில் விழா எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜூலை பிறந்துவிட்டால் பள்ளிகள், குடியிருப்போர் நலச் சங்கங்கள், படிப்பகங்கள், நற்பணி மன்றங்கள் எல்லாம் காமராஜர் விழாவுக்கு ஆயத்தமாகின்றன. அக்டோபர் 2-க்கு முன்னும் அப்படியே. எங்கே போவது, என்ன பேசுவது, எந்தத் தகவலை நம்புவது என்று வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

ஜூலை 15, அக்டோபர் 2: எந்த நாளில் விழா எடுப்பது நல்லது?

பள்ளி என்றால் ஜூலை 15. அவர் பிறந்தது 1903 ஜூலை 15. அந்த நாளைத் தமிழக அரசு 2006-இல் கல்வி வளர்ச்சி நாளாக அறிவித்தது. பள்ளி நடக்கும் நாளிலேயே விழாவும் நடக்க வேண்டும் என்பதுதான் இதன் நோக்கம். எனவே "லீவு உண்டா சார்?" என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இல்லை என்பதே பதில். ஞாயிறன்று வந்தால் வெள்ளிக்கிழமையே நடத்திவிடுங்கள். அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போட்டால் பெரும்பாலும் நடக்காது.

அக்டோபர் 2 அவரது நினைவு நாள். 1975-இல் தியாகராய நகர் இல்லத்தில், தமது 72-ஆம் வயதில் காலமானார். அது காந்தி ஜெயந்தியும் என்பதால் பள்ளிகளுக்கு விடுமுறை. தெருச் சங்கங்களுக்கும் படிப்பகங்களுக்கும் இந்த நாள் தோது. ஒரே மேடையில் இருவர் படமும் வைப்பதாக இருந்தால் ஒரே அளவு படமாகப் பாருங்கள். ஒன்று பெரிது, ஒன்று சிறிது என்று வைத்துவிட்டால் அதற்கே ஒரு பஞ்சாயத்து கூடும்.

பிள்ளைகளை அழைத்துப்போகச் சென்னையில் எந்தெந்த இடங்கள்?

அரை நாள் போதும். வடக்கிலிருந்து தெற்காக ஒரே கோட்டில் வைத்துக்கொண்டால் திரும்பத் திரும்ப அலைய வேண்டியிருக்காது.

முதலில் அண்ணா சாலையில் ஜிம்கானா கிளப் அருகே உள்ள சிலை. 1961-இல் அவர் முதலமைச்சராக இருந்தபோதே நேரு வந்து திறந்துவைத்தது. போக்குவரத்து கடுமையான இடம். பேருந்தை அங்கே நிறுத்திப் பிள்ளைகளை இறக்காதீர்கள். பேருந்துக்குள் இருந்தபடியே காட்டிவிட்டு நகர்வதுதான் பத்திரம்.

அடுத்தது தியாகராய நகர் திருமலைப் பிள்ளை சாலையில் உள்ள நினைவு இல்லம். அவர் வாடகைக்குக் குடியிருந்த வீடு அது. பின்னாளில் அரசு எடுத்து நினைவு இல்லமாக்கியது. மூன்று இடங்களில் பிள்ளைகள் மனத்தில் நிற்பது இதுதான். அறைகளின் அளவைப் பார்த்தாலே பாதிப் பேச்சு முடிந்துவிடும். உள்ளே ஒரே நேரத்தில் 25 பேருக்கு மேல் போனால் முன்னால் நிற்பவர்களுக்கு மட்டும்தான் எதுவும் தெரியும். 50 பேர் என்றால் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழு வெளியே கேள்வித்தாளை நிரப்பட்டும். சாலை குறுகலானது. பேருந்தை ஜி.என். செட்டி சாலைப் பக்கம் நிறுத்திவிட்டு நடப்பது உசிதம். கிளம்புவதற்கு முந்தைய வாரம் நேரில் போய், திறந்திருக்கும் நேரத்தையும் விடுமுறையையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கிண்டி, சர்தார் படேல் சாலை. காந்தி மண்டப வளாகத்தில்தான் காமராஜர் நினைவிடம் உள்ளது. அவர் உடல் எரியூட்டப்பட்ட இடம் இதுவே. ராஜாஜி நினைவிடமும் பக்தவத்சலம் நினைவிடமும் அதே வளாகத்தில் இருக்கின்றன. அரசியலில் வாழ்நாளெல்லாம் முட்டிக்கொண்ட ராஜாஜியும் காமராஜரும் இப்போது ஒரே மதில் சுவருக்குள் இருப்பதைப் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லலாம். மரநிழல் நிறைய உண்டு. மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச இதைவிட நல்ல இடம் நகருக்குள் அரிது. பறக்கும் ரயிலில் வந்தால் கஸ்தூர்பா நகர் நிலையம் பக்கம்.

அக்டோபர் 2 காலையில் நினைவிடத்துக்குப் போகாதீர்கள். கட்சிக்காரர்கள் அணி அணியாக வருவார்கள், காவல்துறைத் தடுப்புகள் இருக்கும். மாலை 3 மணிக்கு மேல் வளாகம் ஓய்ந்துவிடும்.

நமது தெருவில் உள்ள சிலைக்கு மாலை போட அனுமதி வேண்டுமா?

சிலை பொது இடத்தில் இருந்து, நாலு பேருக்கு மேல் கூடி, மைக் செட்டும் வைப்பதாக இருந்தால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் ஒரு வாரம் முன்பே எழுதிக் கொடுங்கள். நாள், நேரம், எத்தனை பேர், ஒலிபெருக்கி உண்டா, பொறுப்பாளர் பெயர், கைபேசி எண் ஆகிய ஆறும் கடிதத்தில் இருக்க வேண்டும். நகல் ஒன்றில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். விழா அன்று பணியில் இருக்கும் காவலர் வேறு ஒருவராக இருப்பார், அவரிடம் காட்ட அது உதவும்.

கூம்பு ஒலிபெருக்கி கூடாது, பெட்டி ஸ்பீக்கர் மட்டும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியே கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். அனுமதியில்லாத ஃபிளெக்ஸ் பேனர் வைக்காதீர்கள். வழக்கு வரும், அதற்கும் மேலாக ஆபத்தும் வரும்.

சிலையைச் சுத்தம் செய்வது எப்படி? போன வருடம் பளபளவென்று தேய்த்தோம், இப்போது திட்டுத் திட்டாக இருக்கிறது.

வெண்கலச் சிலையைப் பித்தளைப் பாத்திரம்போல் புளி, எலுமிச்சை, சபீனா போட்டுத் தேய்த்தால் இப்படித்தான் ஆகும். வெண்கலத்தின் மேல் படிந்திருக்கும் பழுப்புப் படலம்தான் அதன் கவசம். அமிலம் பட்டால் அது உரிந்து, உள்ளே உள்ள உலோகம் கடற்காற்றில் பச்சை பூக்கும். சென்னையில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

செய்ய வேண்டியது எளிது. முதலில் உலர்ந்த மென்தூரிகையால் தூசியும் பறவை எச்சமும் தட்டுங்கள். பிறகு ஒரு வாளி நல்ல தண்ணீரில் இரண்டு சொட்டு மட்டும் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பழைய பருத்தித் துணியால் மேலிருந்து கீழாகத் துடைத்து, வெறும் தண்ணீரால் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். ஆழ்குழாய் உப்புத் தண்ணீர் வேண்டாம், வெள்ளைக் கறை பிடிக்கும். ஏற்கெனவே திட்டு விழுந்ததை நீங்களே சரிசெய்யப் பார்க்காதீர்கள், சிலை வார்ப்பவரை அழையுங்கள். சிமெண்ட் சிலைக்குத் தங்க நிறப் பெயிண்ட் அடிப்பது பரவலான வழக்கம். ஐந்தாறு பூச்சுக்குமேல் ஏறினால் மூக்கும் கண்ணும் மழுங்கி யார் சிலை என்றே தெரியாமல் போகும். பழைய பூச்சைச் சுரண்டிய பிறகே புதியது அடிக்க வேண்டும்.

மாலையில் கம்பி கட்டித் தராதீர்கள் என்று பூக்கடையில் முன்பே சொல்லிவிடுங்கள். நார் மட்டும். மறுநாளே மாலையைக் கழற்றிவிட வேண்டும். வாரக்கணக்கில் காய்ந்த சருகு தொங்குவது மரியாதை இல்லை.

ஐந்து நிமிடப் பேச்சில் என்ன சொல்வது?

முதலில் அளவு. தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொற்கள். ஐந்து நிமிடத்துக்கு 450 சொற்கள் எழுதினால் போதும். பள்ளிப் பிள்ளைக்கு மூன்று நிமிடம், 270 சொற்கள். "அவையோர்க்கும் ஆன்றோர்க்கும் சான்றோர்க்கும்" என்று அடுக்கத் தொடங்கினால் முதல் நிமிடம் அதிலேயே கரைந்துவிடும். ஒரே வரியில் வணக்கம் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வாருங்கள்.

வேட்டி, சட்டை, எளிமை என்று எல்லோரும் பேசுகிறார்கள். அது அவரது பாதிகூட இல்லை. பதவியை எப்படிக் கையாண்டார் என்பதில்தான் அவருடைய குணம் தெரிகிறது. அதற்குப் பதிவான சான்றுகள் உண்டு. கீழே உள்ள மூன்றில் ஒன்றை மட்டும் எடுத்து விரித்துச் சொல்லுங்கள். மூன்றையும் திணித்தால் எதுவும் ஒட்டாது.

ஒன்று, 1941. தனிநபர் சத்தியாக்கிரகத்தை ஒட்டிக் கைதாகி வேலூர்ச் சிறையில் இருந்தபோதே விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலையாகி வந்ததும் அந்தப் பதவியை விட்டு விலகினார். கட்சி வேலையில் இருக்கும் தம்மால் நகராட்சிக்கு முழு நேரம் தர முடியாது, முழுமையாகச் செய்ய முடியாத பதவியை வைத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் காரணம்.

இரண்டு, 1954. ராஜாஜி முதலமைச்சர் பதவியிலிருந்து விலகிய பின் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் காமராஜரை எதிர்த்து நின்றவர் சி. சுப்பிரமணியம். சுப்பிரமணியத்தின் பெயரை முன்மொழிந்தவர் எம். பக்தவத்சலம். வென்ற காமராஜர் அமைத்த அமைச்சரவையில் மொத்தமே எட்டுப் பேர், அதில் இந்த இருவரும் உண்டு. நிதியும் கல்வியும் சுப்பிரமணியத்திடம் போயின. எதிர்த்து நின்றவர் கையில் கஜானாவையும் தம் மனத்துக்கு நெருக்கமான துறையையும் கொடுத்தார் என்பதைச் சற்று நிறுத்திச் சொன்னால் அவை அமைதியாகும். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பி. பரமேஸ்வரனிடம் அறநிலையத் துறை தரப்பட்டதும் இதே அமைச்சரவையில்தான்.

மூன்று, 1963. மூத்தவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பது அவர் முன்வைத்த திட்டம். மொரார்ஜி தேசாய், லால் பகதூர் சாஸ்திரி, ஜெகஜீவன் ராம் உட்பட ஆறு மத்திய அமைச்சர்களும் ஆறு முதலமைச்சர்களும் விலகினார்கள். திட்டத்தைச் சொன்னவர் தாமும் அக்டோபர் 2-ஆம் தேதி முதலமைச்சர் நாற்காலியிலிருந்து இறங்கினார். ஒன்பதரை ஆண்டு ஆண்டவர், தேர்தலில் தோற்காமலேயே இறங்கியது இது.

அவர் இறந்தபோது கையில் இருந்தது இவ்வளவு ரூபாய், இத்தனை வேட்டி என்று ஒரு பட்டியல் வாட்ஸ்அப்பில் வருகிறதே?

அவர் சொத்து சேர்க்கவில்லை, திருமணம் செய்துகொள்ளவில்லை, வாடகை வீட்டில் இருந்தார் என்பவை உறுதியானவை. ரூபாய்க் கணக்கும் துணி எண்ணிக்கையும் ஒவ்வொரு பதிவிலும் மாறிக்கொண்டே இருக்கின்றன. மேடையில் எண் சொல்லாமல் "வாடகை வீட்டிலேயே வாழ்ந்து முடித்தார்" என்று சொன்னாலே போதும், யாராலும் மறுக்க முடியாது. விருதுநகரில் இருந்த தாயார் சிவகாமி அம்மாள் வீட்டுக்குப் போட்ட குடிநீர்க் குழாயை அகற்றச் சொன்ன கதை, செலவுப் பணக் கதை போன்றவற்றைச் சொல்ல ஆசை இருந்தால் "சொல்வார்கள்" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

மதிய உணவுத் திட்டத்தை முதலில் தொடங்கியது யார்? ஒவ்வொரு கட்சிக்காரரும் ஒவ்வொன்று சொல்கிறார்களே.

சண்டைக்கே இடமில்லை, வரிசையாக வைத்தால் எல்லாருக்கும் இடம் இருக்கிறது. 1920-இல், சர் பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தரத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்பது வரம்பு. அது மாநகராட்சிப் பள்ளியோடு நின்ற முயற்சி. மாநிலம் முழுவதற்குமான திட்டம் காமராஜர் காலத்தில், 1956-இல், பாரதி பிறந்த எட்டயபுரத்தில் தொடங்கியது. அப்போது பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலுவின் பங்கு இதில் பெரியது. முதலில் ஊரார் தந்த நெல்லும் பணமும், பிறகு அரசின் மானியமும் சேர்ந்து அடுப்பு எரிந்தது. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-இல் அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். காலை உணவுத் திட்டம் 2022-இல் வந்தது.

பிள்ளைகளுக்கு ஒரு கூடுதல் தகவல்: காமராஜரே விருதுநகரில் படித்த சத்திரிய வித்யாசாலா, வீடுதோறும் பிடி அரிசி திரட்டி நடத்தப்பட்ட பள்ளி. பிடி அரிசியில் படித்தவர் பின்னாளில் ஊர்தோறும் நெல் கேட்டார்.

அவர் கொண்டுவந்தவை என்று எதையெல்லாம் எழுதலாம்? கண்காட்சிப் பலகைக்கு வேண்டும்.

அதிகம் தப்பு நடக்கும் இடம் இது. அவர் முதலமைச்சராக இருந்தது 1954 ஏப்ரல் 13 முதல் 1963 அக்டோபர் 2 வரை. இந்த இரண்டு தேதியையும் பலகையின் தலையில் எழுதிவிட்டு, ஒவ்வொன்றையும் இதற்குள் வருகிறதா என்று பாருங்கள்.

மேட்டூர் அணை வராது. அது 1934. ஆனாலும் ஆண்டுதோறும் யாராவது ஒரு பிள்ளை எழுதிவிடுகிறது. வைகை, சாத்தனூர், அமராவதி, ஆழியாறு வரும். பவானிசாகர் 1948-இல் தொடங்கிய வேலை, அவர் காலத்தில் நிறைவு பெற்றது. பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையை 1955 அக்டோபர் 2-இல் நேரு தொடங்கிவைத்தார். அதற்கான திட்டமிடல் காமராஜர் வருவதற்கு முன்பே தொடங்கியது, எனவே "அவர் காலத்தில் உற்பத்தி தொடங்கியது" என்பதே நேர்மையான வாசகம். நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956, கிண்டித் தொழிற்பேட்டை 1958, சென்னை ஐ.ஐ.டி. 1959. தொழில் வளர்ச்சியைப் பற்றி எழுதும்போது தொழில் அமைச்சர் ஆர். வெங்கட்ராமன் பெயரை விடாதீர்கள். நல்ல ஆட்களைத் தேர்ந்து வேலையை ஒப்படைத்ததும் காமராஜரின் திறமைதான், அவரைத் தனி ஆளாகக் காட்டினால் அது மறைந்துபோகும்.

எழுத்தறிவு "7 சதவீதத்திலிருந்து 37-க்கு உயர்ந்தது" என்ற வாசகம் எங்கும் ஓடுகிறது. 7 என்பது ஆங்கிலேயர் காலத்துக் கணக்கு. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னை மாநிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு எழுத்து தெரிந்திருந்தது. 1961-இல் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு. பத்தாண்டில் இந்த உயர்வே பெரியது, ஊதிப் பெரிதாக்கத் தேவையில்லை. திறந்த பள்ளிகளின் எண்ணிக்கையிலும் இதே சிக்கல்: மீண்டும் திறந்தவை, புதியவை, தரம் உயர்ந்தவை மூன்றையும் ஒருவர் கூட்டுவார், இன்னொருவர் பிரிப்பார். அதற்குப் பதில், தொடக்கப் பள்ளிக்கு எந்தப் பிள்ளையும் ஒரு மைலுக்கு மேல் நடக்கக் கூடாது என்ற கொள்கையை எழுதுங்கள். ராஜாஜி கொண்டுவந்த, பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் பெற்றோர் தொழில் என்ற 1953-ஆம் ஆண்டுத் திட்டம் 1954-இல் கைவிடப்பட்டதையும் எழுதுங்கள்.

தோல்விகளைப் பேசினால் மரியாதைக் குறைவாகுமா?

ஆகாது. மறைத்தால்தான் பேச்சு வெளிறிப்போகும். 1967-இல் சொந்த ஊரான விருதுநகரில், மாணவர் தலைவராக இருந்த பெ. சீனிவாசனிடம் 1,285 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். அப்போது அவர் அகில இந்திய காங்கிரஸ் தலைவர். 1964-இல் நேரு மறைந்தபின் சாஸ்திரியையும், 1966-இல் சாஸ்திரி மறைந்தபின் இந்திராவையும் பிரதமராக்கியதில் அவர் கை இருந்தது. மூன்றே ஆண்டில் கட்சி உடைந்தபோது இந்திராவுக்கு எதிரணியில் நின்றார். 1969 தொடக்கத்தில் நாகர்கோவில் இடைத்தேர்தலில் வென்று மக்களவைக்குப் போனார். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது முதலமைச்சர் பக்தவத்சலம்தான், காமராஜர் அல்ல. இந்த இருவரையும் குழப்பிப் பேசுபவர்கள் ஏராளம்.

மாறுவேடப் போட்டிக்குக் காமராஜர் வேடம் எப்படிப் போடுவது?

வெள்ளை வேட்டி, தொளதொளப்பான வெள்ளை அரைக்கைச் சட்டை, தோளில் துண்டு. பட்டுக் கரை வேண்டாம். ஆறேழு வயதுப் பிள்ளைக்கு ஒட்டும் பட்டை வைத்த தயார் வேட்டியே நல்லது, முடிச்சுப் போட்டால் மேடை ஏறும்போது அவிழும். சட்டைக்கு அப்பாவின் பழைய சட்டையைச் சுருக்கித் தைத்தால் அந்தத் தொளதொளப்பு தானாக வரும்.

முகத்தில் கறுப்பு மை பூசாதீர்கள். ஆண்டுதோறும் யாரோ செய்கிறார்கள். மனிதரின் நிறத்தை வேடமாக்குவது அவருக்கும் அழகல்ல, அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கும் நல்லதல்ல. "ஆகட்டும், பார்க்கலாம்" என்ற அவரது வழக்கமான பேச்சை ஒருமுறை சொல்ல வைத்தாலே அவை புரிந்துகொள்ளும்.

பெரிய படம் அச்சடித்தால் மங்கலாக வருகிறது, ஏன்?

கைபேசியில் சுற்றிய படத்தைப் பெரிதாக்குவதால். இரண்டு அடிக்கு மூன்று அடி படம், எட்டி நின்று பார்க்க, குறைந்தது 3600-க்கு 5400 புள்ளி (பிக்சல்) வேண்டும். செயலியில் நிறமேற்றிய படங்களில் கண்ணும் உதடும் கோணலாகியிருக்கும். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தையே போடுங்கள்.

அன்று பள்ளியில் உணவு வழங்க விரும்புகிறோம். எவ்வளவு சமைக்க வேண்டும்?

முதலில் தலைமையாசிரியரையும் சத்துணவு அமைப்பாளரையும் மூன்று நாள் முன்பே பாருங்கள். அங்கே அன்றைக்கும் உலை வைப்பார்கள். நீங்கள் சொல்லாமல் அண்டாவோடு போனால் ஒன்று வீணாகும், பெரும்பாலும் இரண்டும். முழுச் சாப்பாட்டுக்குப் பதில் இனிப்பு மட்டும் உங்கள் பொறுப்பு என்று பேசி வைப்பதே சிக்கலற்றது.

100 பிள்ளைகளுக்குச் சர்க்கரைப் பொங்கல்: பச்சரிசி 3 கிலோ, பாசிப்பருப்பு முக்கால் கிலோ, வெல்லம் 5 கிலோ, நெய் முக்கால் லிட்டர், முந்திரியும் திராட்சையும் கால் கால் கிலோ. ஆளுக்கு ஒரு கரண்டி நிறைவாக வரும். அரிசியும் பருப்பும் குழைய வெந்த பிறகே வெல்லப்பாகை ஊற்ற வேண்டும். முன்னதாக ஊற்றினால் அரிசி விறைத்துக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு எரித்தாலும் வேகாது. வெல்லத்தைக் கரைத்து வடிகட்டாமல் விட்டால் மண் கடிபடும். ஆறினால் இறுகும் என்பதால் சற்றுத் தளர்வாகவே இறக்குங்கள். மதிய மணிக்கு அரை மணி முன்பு பள்ளிக்குள் போய்ச் சேரும்படி வண்டி பேசிக்கொள்ளுங்கள்.